மரை வெட்ட எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம்?

முதன்முதலில் நான் மரை வெட்டிய நாளில் லேத் 400 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஷாஃப்ட்டை அதே வேகத்தில்தான் சற்று முன்பு பளபளவென்று கடைந்து முடித்திருந்தேன். நன்றாக ஓடுகிற வேகத்தை மாற்றுவானேன் என்று ஹாஃப் நட்டை அழுத்தினேன். கேரேஜ் பாய்ந்தது. லீவரைத் தூக்கக் கை எழுவதற்குள் டூல் ஷாஃப்ட்டின் ஸ்டெப்பில் போய் முட்டி, முனை தெறித்துவிட்டது. ஜாப் சக்குக்குள் திரும்பிப் போயிருந்தது.

கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை அது. மேஸ்திரி திட்டவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏங்கண்ணு, லேத்து ஓடுற வேகத்துக்கு உன் கை ஓடுமா?”

மரை வெட்டும் வேகத்தைப் பற்றிய பாதிப் பாடம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மீதிப் பாதி, ஆழத்தைப் பற்றியது. அதற்கு ஒரு முக்கோணத்தின் கணக்குத் தெரிந்தால் போதும். இரண்டையும் இங்கே பார்ப்போம். உதாரணத்துக்கு எம்.எஸ். கம்பியில் எம்20 மரை, 2.5 மி.மீ. பிட்ச், எச்.எஸ்.எஸ். டூல், கையால் இயக்கும் சாதாரண லேத் என்று வைத்துக்கொள்வோம்.

கடைவதும் மரை வெட்டுவதும் ஒன்றல்ல

சாதாரணமாகக் கடையும்போது ஜாப் ஒரு சுற்று சுற்றினால் டூல் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை நகரும். மரை வெட்டும்போது ஒரு சுற்றுக்கு ஒரு பிட்ச் முழுவதும் நகர்ந்தாக வேண்டும். அதாவது 2.5 மி.மீ. கடைகிற நகர்வைவிடப் பத்து மடங்கு. சுற்றுக்கு இவ்வளவு என்பதை லீட் ஸ்க்ரூவும் கியர்களும் பூட்டி வைத்திருக்கின்றன; அதை நாம் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது ஜாப் எத்தனை சுற்று சுற்றலாம் என்பது மட்டும்தான்.

400 ஆர்.பி.எம்மில் கேரேஜ் நிமிடத்துக்கு 1,000 மி.மீ. ஓடும். நொடிக்கு ஏறத்தாழ 17 மி.மீ. மரை முடிகிற இடத்தில் 5 மி.மீ. அகலத்துக்குக் காடி எடுத்திருந்தால், டூல் அந்தக் காடியைக் கடக்க 0.3 நொடி ஆகும். கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைவதற்கே ஏறக்குறைய கால் நொடி போய்விடும். மிச்சம் இருப்பது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதே வேலையை 100 ஆர்.பி.எம்மில் செய்தால் காடியைக் கடக்க 1.2 நொடி கிடைக்கும். லீவரைத் தூக்கி, டூலைப் பின்னிழுக்க அது தாராளம்.

வேகத்தைக் கணக்கிடுவது

முதலில் புத்தகக் கணக்கு. எம்.எஸ். இரும்பை எச்.எஸ்.எஸ். டூலால் கடைய, நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் வெட்டு வேகம் சொல்வார்கள். இதை ஆர்.பி.எம். ஆக்க எளிய வழி: வெட்டு வேகத்தை 320-ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுக்க வேண்டும். 25 × 320 ÷ 20 = 400. நான் அன்று ஓட்டிய வேகம் இதுதான். கடைவதற்கு அது சரியான வேகம்.

மரைக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கம். 400-க்கு 130 அல்லது 100 வரும். டூலின் முனை ஊசிபோல் மெல்லியது, சூடு வெளியேற வழி குறைவு. அதனால் டூலுக்கும் இந்தக் குறைப்பு நல்லது.

இரண்டாவது, கைக்கணக்கு. புதிதாகக் கற்பவருக்குக் கேரேஜ் நிமிடத்துக்கு 250 மி.மீ.க்கு மேல் ஓடாமல் இருப்பது நல்லது. நொடிக்கு 4 மி.மீ. சொச்சம். எனவே 250-ஐப் பிட்ச்சால் வகுத்தால் கை தாங்கும் ஆர்.பி.எம். கிடைக்கும். 2.5 பிட்ச்சுக்கு 100. 1.5 பிட்ச்சுக்கு 166. 4 பிட்ச்சுக்கு 62.

இந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்து, எது சிறியதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எம்10 மரை, 1.5 பிட்ச் என்றால் புத்தகக் கணக்குப்படி 800-இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 265 வரை போகலாம். கை 166 என்கிறது. 166-தான் சரி. உங்கள் லேத்தில் 166 இருக்காது. அதற்குக் கீழே எந்தப் படி இருக்கிறதோ அதில் வைக்கலாம். ஜாப் பெரிதாகப் பெரிதாக இரண்டும் நெருங்கிவரும். எம்48 மரை, 5 பிட்ச் என்றால் புத்தகம் 55, கை 50.

பொருள் மாறினால் புத்தகக் கணக்கு மாறும், கைக்கணக்கு மாறாது. பித்தளையை எச்.எஸ்.எஸ். டூலால் நிமிடத்துக்கு 60 மீட்டரில்கூடக் கடையலாம். 20 மி.மீ. விட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போட்டாலும் 320 ஆர்.பி.எம். வரும். டூல் தாங்கும், பித்தளையும் தாங்கும், 2.5 பிட்ச்சில் கேரேஜ் நொடிக்கு 13 மி.மீ. ஓடுவதைக் கை தாங்காது. துருப்பிடிக்காத எஃகில் நிலைமை தலைகீழ். 304 ரகத்துக்குக் கடையும் வேகமே 15 மீட்டர் அளவுதான். மரைக்கு 5 மீட்டர் என்றால் 80 ஆர்.பி.எம். அங்கே கைக்கு முன்பே டூல் ‘போதும்’ என்று சொல்லிவிடுகிறது.

கார்பைடு இன்சர்ட் வாங்கி மாட்டினால் வேகமாக வெட்டலாமே என்று கேட்கலாம். கார்பைடு உண்மையில் வேகத்தை விரும்பும். எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 60 மீட்டர் என்று குறைவாக வைத்தாலும், எம்20-க்கு 960 ஆர்.பி.எம். வரும், கேரேஜ் நொடிக்கு 40 மி.மீ. பாயும். இது சி.என்.சி. மெஷினின் வேலை, மனிதக் கைக்கு அல்ல. கார்பைடை 100 ஆர்.பி.எம்மில் ஓட்டினால் இரும்புத் துணுக்கு முனையில் ஒட்டிக்கொண்டு, பிறகு முனையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால்தான் கையால் மரை வெட்டும் பட்டறைகளில் கிரைண்டிங் கல்லில் தீட்டிய எச்.எஸ்.எஸ். டூலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

ஆழம்: கோலப் புள்ளியின் கணக்கு

மெட்ரிக் மரை 60 டிகிரி கோணமுள்ளது. வெளிமரையின் ஆழம் பிட்ச்சில் 0.6134 பங்கு. 2.5-க்கு 1.53 மி.மீ. இது ஒரு பக்கத்து ஆழம். சில லேத்துகளில் கிராஸ் ஸ்லைடு டயல் விட்டத்தைக் காட்டும், சிலவற்றில் டூல் நகர்ந்த தூரத்தைக் காட்டும். உங்கள் மெஷின் எந்த ரகம் என்று தெரியாமல் வெட்ட உட்கார்ந்தால் மரை பாதி ஆழத்தில் நின்றுவிடும், அல்லது இரு மடங்கு போய்விடும்.

இந்த 1.53 மி.மீ.யை ஒரே வெட்டில் எடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லா வெட்டையும் சமமாக எடுக்கக் கூடாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஐந்து வெட்டு, வெட்டுக்கு 0.3 மி.மீ. என்று ஒருவர் பிரித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். கணக்கு நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் டூல் முனை ஒரு முக்கோணம். உள்ளே போகப் போக அதன் அகலமான பகுதியும் இரும்பைத் தொடுகிறது. முதல் வெட்டில் டூல் எடுக்கும் இரும்பை 1 பங்கு என்று கொண்டால், இரண்டாவது வெட்டில் 3 பங்கு, மூன்றாவதில் 5, நான்காவதில் 7, ஐந்தாவதில் 9.

வாசலில் நேர்ப்புள்ளிக் கோலம் போடுபவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது: 1, 3, 5, 7, 9. ஒவ்வொரு வரிசைக்கும் இடைவெளி ஒன்றுதான், ஆனால் புள்ளிகள் இரண்டிரண்டாகக் கூடிக்கொண்டே போகும். மரையும் அப்படித்தான். டயலில் ஒவ்வொரு முறையும் அதே 0.3-தான் திருப்புகிறோம், ஐந்தாம் வெட்டில் டூலின் மேல் விழும் சுமையோ முதல் வெட்டைப்போல் ஒன்பது மடங்கு. ‘நாலு வெட்டு நல்லாத்தானே போச்சு, அஞ்சாவதுல ஏன் ஒடைஞ்சுது?’ என்று தலையைச் சொறிபவருக்கு விடை இதுதான்.

சுமை ஒரே அளவாக இருக்க வேண்டுமானால், ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்தக் கோலக் கணக்கையே திருப்பிப் போட்டால் விதி கிடைக்கும். 1, 3, 5 என்று கூட்டிக்கொண்டே வந்தால் 1, 4, 9, 16 வரும் அல்லவா? எனவே முதல் வெட்டின் ஆழத்தைப் போல் இரு மடங்கு ஆழத்தை நான்காம் வெட்டிலும், மூன்று மடங்கை ஒன்பதாம் வெட்டிலும், நான்கு மடங்கைப் பதினாறாம் வெட்டிலும் எட்டினால், ஒவ்வொரு வெட்டிலும் டூல் ஒரே அளவு இரும்பை எடுக்கும். சி.என்.சி. மெஷின்களில் மரைக்கான நிரல் ஆழத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் இதே கணக்கை வைத்துத்தான்.

காம்பவுண்டைச் சாய்ப்பது எதற்கு?

டூலை நேராக உள்ளே தள்ளினால் V வடிவத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டும். இரு பக்கச் சுருளும் நடுவில் வந்து மோதி, போக இடமில்லாமல் நசுங்கும். மரையின் பக்கங்கள் கீறலாகும். பிட்ச் 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2.5-இல் பொறுக்காது.

அதனால் காம்பவுண்ட் ஸ்லைடை, கிராஸ் ஸ்லைடின் திசையிலிருந்து 29½ டிகிரி சாய்த்து வைத்து, ஆழத்தைக் காம்பவுண்டால் கொடுக்கிறோம். டூல் மரையின் ஒரு பக்கச் சரிவை ஒட்டியே உள்ளே இறங்கும். ஒரு விளிம்பு மட்டும் வெட்டும், சுருள் தடையில்லாமல் ஒரு பக்கமாக வெளியேறும். சரியாக 30 வைக்காமல் அரை டிகிரி குறைப்பது, மறுபக்கச் சரிவையும் டூல் லேசாகச் சீவிக்கொண்டு போகட்டும் என்பதற்காக. பம்பு, குழாய் வேலைகளில் வரும் பி.எஸ்.பி. மரைக்குக் கோணம் 55 டிகிரி. அங்கே காம்பவுண்ட் 27 டிகிரி.

சாய்வாகப் போவதால் காம்பவுண்ட் சற்று அதிகத் தூரம் நகர வேண்டும். 1.53 மி.மீ. ஆழத்துக்குக் காம்பவுண்ட் டயலில் 1.76 மி.மீ. சில மெஷின்களில் காம்பவுண்டின் கோண அளவு வேறு திசையிலிருந்து எழுதப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் நம்பாமல், காம்பவுண்ட் கிராஸ் ஸ்லைடுக்கு நெருக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜாப்பை முழுவதும் வெட்டிப் பார்ப்போம்

கம்பியை 20-க்குச் சற்றுக் குறைவாக, 19.85 அளவுக்குக் கடைந்துகொள்ள வேண்டும். மரை வெட்டும்போது மேட்டில் இரும்பு கொஞ்சம் பிதுங்கும். முழு 20 வைத்தால் நட் ஏறாது. முனையில் சேம்பர் எடுத்து, மரை முடியும் இடத்தில் காடி போட்டு, டூலைச் சென்டர் உயரத்துக்கு வைத்து, சென்டர் கேஜால் நேர் பார்த்துவிடுங்கள். ஜாப் நீளமாக இருந்தால் டெய்ல் ஸ்டாக் சென்டர் கட்டாயம். இல்லாவிட்டால் கம்பி டூலைவிட்டு விலகி, முனைப்பக்கம் மரை ஆழம் குறைந்து போகும்.

100 ஆர்.பி.எம். டூல் கம்பியைத் தொட்டதும் இரண்டு டயலையும் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். முதலில் 0.05 மி.மீ. மட்டும் கொடுத்து ஒரு கீறல். இது வெட்டு அல்ல, விசாரணை. மெஷினை நிறுத்தி ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: 25 மி.மீ. நீளத்துக்குப் பத்து இடைவெளி இருந்தால் கியர் சரி. தப்பாக இருந்தால் இங்கேயே திருத்திக்கொள்ளலாம், ஜாப்புக்குச் சேதமில்லை.

பிறகு உண்மையான வெட்டுகள். காம்பவுண்ட் டயலில் முதல் வெட்டு 0.40. அடுத்து 0.17, 0.12, 0.11. நான்கு வெட்டில் 0.80 வந்துவிட்டது, முதல் வெட்டைப் போல் இரு மடங்கு. ஐந்து முதல் ஒன்பது வரை வெட்டுக்கு 0.08 வீதம் கொடுத்தால் 1.20. பத்து முதல் பதினாறு வரை வெட்டுக்கு 0.06-க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால் 1.60. மீதி 0.16-ஐ 0.05, 0.04, 0.04, 0.03 என்று முடிக்கலாம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கிராஸ் ஸ்லைடைப் பின்னிழுத்து, கேரேஜைத் திருப்பிக் கொண்டுவந்து, கிராஸ் ஸ்லைடை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; ஆழம் காம்பவுண்டில் மட்டும். மேசைமேல் வைக்கும் சின்ன லேத் என்றால் முதல் வெட்டை 0.25-இல் தொடங்குங்கள். விதி அதேதான், வெட்டுகளின் எண்ணிக்கை மட்டும் கூடும்.

கடைசியில் ஆழமே கொடுக்காமல் இரண்டு முறை சும்மா ஓட்டுங்கள். வெட்டும்போது டூலும் ஜாப்பும் ஒன்றையொன்று விட்டு மயிரிழை வளைந்து நிற்கும். சுமை இறங்கியதும் அவை பழைய இடத்துக்கு வரும்போது, மிச்சமிருக்கும் இரும்பு தூள் தூளாக உதிரும். பிறகு நட்டைப் போட்டுப் பாருங்கள். 1.76 என்பது வேதவாக்கு அல்ல. டூல் முனை கூராக இருந்தால் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும். டயல் வழிகாட்டும், தீர்ப்பு நட்டினுடையது.

ஹாஃப் நட்டைத் திறக்கலாமா?

லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச் உள்ள லேத்தில் 1, 1.5, 2, 3 மி.மீ. மரைகளுக்கு ஹாஃப் நட்டை எங்கே திறந்து எங்கே மூடினாலும் டூல் பழைய தடத்திலேயே விழும். 6-ஐ மீதியில்லாமல் வகுக்கும் பிட்ச்சுகள் அவை. 2.5 வகுக்காது. அதற்கு சேசிங் டயலைப் பார்த்து மூட வேண்டும், அல்லது ஹாஃப் நட்டைத் திறக்காமலே டூலைப் பின்னிழுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டிக் கேரேஜைக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டாவது முறையில் குறைந்த வேகம் இன்னும் முக்கியம். சுவிட்சை அணைத்தாலும் சக் உடனே நிற்காது. அது நிற்கும்வரை கேரேஜ் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வேகமாகத்தான் வெட்ட வேண்டும் என்றால் நேர்மையான ஒரு வழி இருக்கிறது. டூலைக் கவிழ்த்து மாட்டி, ஸ்பிண்டிலைத் திருப்பிச் சுற்றவிட்டு, காடியிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டலாம். டூல் சக்கை விட்டு விலகி ஓடுவதால் முட்டுவதற்கு எதுவும் இல்லை. அப்போது கைக்கணக்கை மறந்துவிட்டுப் புத்தகக் கணக்கோடு போகலாம். ஆனால் சக் ஸ்பிண்டிலில் மரையால் முறுக்கி மாட்டிய பழைய லேத்தில் இதைச் செய்யாதீர்கள். திருப்பி ஓட்டி வெட்டினால் சக்கே கழன்று வரும்.

மரை சொல்லும் குறைகள்

மரையின் பக்கம் பிய்ந்து சொரசொரப்பாக இருந்தால் முதலில் எண்ணெயைப் பாருங்கள். இந்தக் குறைந்த வேகத்தில் குளிர்ச்சியைவிட வழுக்கல்தான் தேவை. தண்ணீரில் கரைத்த கூலண்டைவிடக் கெட்டியான கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷால் தடவுவது நல்ல பலன் தரும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். வார்ப்பிரும்பும் பித்தளையும் எதுவும் இல்லாமலே வெட்டும்.

மரை முழுக்க அலையலையாகத் தெரிந்து, வெட்டும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் டூல் அதிகம் நீண்டிருக்கிறது, அல்லது வேகம் கூடியிருக்கிறது. இரண்டையும் குறையுங்கள். உள்மரையில் இந்தத் தொல்லை அதிகம். போரிங் பார் மெல்லியதாக நீண்டு நிற்பதால் எளிதில் வளையும். அங்கே மேலே சொன்ன ஆழங்களைப் பாதியாக்கி, கடைசியில் சும்மா ஓட்டுவதை நான்கைந்து முறையாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆழத்தை அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறு. துருப்பிடிக்காத எஃகில் 0.02, 0.03 என்று பயந்து பயந்து கொடுத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடம் இறுகிவிடும். அடுத்த வெட்டில் முனை மழுங்கும். அந்தப் பொருளில் கொடுப்பதைத் துணிந்து கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் மரையைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்கக் கூடாது. மரை என்பதே இழுத்துக்கொண்டு போகும் வடிவம். துணியின் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷால் துடையுங்கள்.

மூன்று நிமிடக் கணக்கு

கடைசியாக ஒரு பட்டறைக் கணக்கு. 50 மி.மீ. நீள மரையை 100 ஆர்.பி.எம்மில் வெட்ட, ஒரு வெட்டுக்கு 12 நொடி. இருபது வெட்டுக்கு 4 நிமிடம். 400 ஆர்.பி.எம்மில் ஓட்டியிருந்தால் 1 நிமிடம். லாபம் 3 நிமிடம். டூலைப் பின்னிழுப்பது, கேரேஜைத் திருப்பிக் கொண்டுவருவது, டயலைப் பார்த்து வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் இரண்டு வேகத்திலும் ஒரே நேரம்தான் எடுக்கும்.

அன்று முட்டிய டூலைக் கல்லில் புதிதாகத் தீட்டி, கோணம் பார்த்து, ஜாப்பை மறுபடி சென்டர் பிடித்து, பழைய தடத்தில் டூலை இறக்குவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அதன் பிறகு ஹாஃப் நட்டைத் தொடுவதற்கு முன்னால் லேத்தின் கியர் பெட்டி மூடிமேல் சாக்பீஸால் இரண்டு எண் எழுதிவைப்பது வழக்கமாகிவிட்டது: ஒன்று ஆர்.பி.எம்., மற்றொன்று முதல் வெட்டின் ஆழம். இரண்டுமே நான் நினைத்ததைவிடச் சிறியதாகத்தான் வரும்.